கோப்பையில் ‘பிரிஸ்க்’

குன்னூரில் தேயிலை ருசி பார்க்கும் வேலையில் என் கை அதிகம் எழுதிய சொல் ‘பிரிஸ்க்’. அகராதி விறுவிறுப்பு என்று பொருள் சொல்லும். நடைக்கும் வியாபாரத்துக்கும் அது பொருந்தும். கோப்பையில் அது வேறு. சாயத்தை, அதாவது வடித்த தேநீரை, உறிஞ்சி நாக்கில் உருட்டும்போது ஈறும் கன்னத்தின் உட்புறமும் சட்டென்று இறுகி, உடனே விட்டுவிட வேண்டும். வெறும் துவர்ப்பு நாக்கைப் பிடித்து இழுக்கும். பிரிஸ்க்கான தேநீர் வாயைக் கழுவிவிட்டதுபோல் போய்விடும். ‘பஞ்சன்ட்’ என்பதும் அப்படித்தான். வெளியே அது மூக்கைத் துளைக்கும் நெடி, எங்களிடம் பெரிய பாராட்டு.

இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி உருளையில் நசுங்கிய கொழுந்து காற்றுப் பட்டு நிறம் மாறும்போது தியாஃப்ளேவின் என்ற பொருள் உண்டாகிறது. காஃபீனோடு அது சேர்ந்துதான் இந்த விறுவிறுப்பு. நல்ல சாயம் ஆறியதும் கலங்குவதற்கும் இந்தச் சேர்க்கையே காரணம். புதிதாக வருபவர்கள் அதைக் கெட்டுப்போனது என்று ஒதுக்குவார்கள், பதறித் தடுப்பேன். இப்படிக் காற்றில் விடும் ஃபெர்மென்டிங் நேரம் நீண்டால் தியாஃப்ளேவின் குறைந்து, தியாரூபிஜின் என்ற இன்னொரு பொருள் கூடும், நிறம் கறுக்கும், சாயம் மழுங்கும். அதற்கு ‘சாஃப்ட்’ என்று எழுதுவோம். கேட்க இதமான சொல், ஏலத்தில் விலையை இறக்கும் சொல்.

அந்த விலை பேக்டரியோடு நிற்பதில்லை. நீலகிரியின் சிறு விவசாயிகளுக்குப் பசுந்தேயிலை விலை ஏல விலையை ஒட்டியே அமைகிறது. அரை ஏக்கர் வைத்திருப்பவர் கவனமாகப் பறித்துக் கொடுத்த கொழுந்து, பேக்டரியில் சில நிமிடக் கவனக்குறைவால் மதிப்பிழப்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஒருமுறை பேக்டரியில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் ஒரு டீ மேக்கர், நான் எழுதிய அறிக்கையோடு நேரே வந்தார். “பிரிஸ்க் இல்லைன்னு போட்டிருக்கீங்க சார். நான் எதை மாத்தணும்?” நியாயமான கேள்வி. “ஒரே கொழுந்துல ரெண்டு விதமா எடுத்துட்டு வாங்கண்ணா” என்றேன். ஃபெர்மென்டிங் நேரம் குறைத்து ஒன்று, வழக்கம்போல் ஒன்று எனக் கொண்டுவந்தார். இரண்டையும் உறிஞ்சித் துப்பிவிட்டு, வழக்கமானதைக் காட்டி “இது சப்புன்னு இருக்கு” என்றார். அதற்குமேல் நான் விளக்க ஒன்றுமில்லை. அதன்பிறகு குறை எழுதும்போதெல்லாம் எந்தக் கட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மழைக்காலத்தில் வாடல், அதாவது நசுக்குமுன் கொழுந்தின் ஈரத்தைக் குறைப்பது, சரியாக வராவிட்டால் என்ன செய்வது என்று அடுத்துக் கேட்டார். அது இதைவிடப் பெரிய கேள்வி. மாலைவரை பேசினோம்.