சீட்டில் யார் பெயர்?

எங்கள் கால்நடை மருந்தகத்தில் காலை எட்டு மணிக்குச் சீட்டு எழுத ஆரம்பிப்போம். மாடு, ஆடு, கோழி, நாய் எதுவானாலும் முதலில் நிரப்ப வேண்டியது உரிமையாளர் பெயர். மாட்டுக்கு அது ஒரு நொடியில் முடிந்துவிடும். கடன் வாங்கி மாடு பிடித்தவரும், தீவனம் வைப்பவரும், பால் கறப்பவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். நாய் என்று வந்தால்தான் தடுமாறுவார்கள். "என் பையன் பேரு எழுதுங்க, அவன்தான் வாங்கினான்" என்பார் ஓர் அம்மா. பையன் எங்கே என்று கேட்டால் கோயம்புத்தூரில் படிக்கிறான் என்று பதில் வரும்.

பதினோரு வருடமாக விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர்களில் கால்நடை உதவி மருத்துவராக வேலை பார்க்கிறேன். நாய் வளர்க்கப் போகிறோம், என்ன செய்யணும் என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் தடுப்பூசியிலிருந்தோ சாப்பாட்டிலிருந்தோ ஆரம்பிப்பதில்லை. அந்த நாய்க்கு ஆள் யார் என்றுதான் முதலில் கேட்கிறேன். காலையில் தண்ணீர் வைப்பது யார், அது போன மலத்தைப் பார்ப்பது யார், ஊசித் தேதியை ஞாபகம் வைத்திருப்பது யார்? இப்படிக் கேட்கப் பழகியதற்கு என் மேசைக்கு வந்த சில நாய்கள்தான் காரணம்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஐப்பசி மழைக்காலம். ஓர் அம்மா ஒயர்கூடையில் பழைய துண்டை விரித்து ஒரு குட்டியைக் கொண்டுவந்தார். வெள்ளை ராஜபாளையம், மூக்கு இளஞ்சிவப்பு. கூடை வாசலைத் தாண்டும்போதே வாடை வந்துவிட்டது. பார்வோ என்ற வைரஸ் நோய் கண்ட குட்டியின் ரத்தக் கழிச்சலுக்கு ஒரு தனி வாடை உண்டு. ஒருமுறை முகர்ந்தால் மறக்காது. கண்கள் குழிவிழுந்திருந்தன. கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கிவிட்டேன். தூக்கியது தூக்கியபடியே நின்றது. ஈறு வெளுத்து, விரலில் பசைபோல ஒட்டியது.

"நேத்து ராத்திரி வரைக்கும் ஓடியாடிக்கிட்டு இருந்துச்சு டாக்டரம்மா. பால் சாதம் வச்சா தட்டையே நக்கிரும்" என்றார்.

வயது 40 நாள் இருக்குமாம். வீட்டுக்கு வந்து 12 நாள். அப்படியென்றால் 28 நாளிலேயே தாயிடமிருந்து பிரித்திருக்கிறார்கள். எட்டு வாரம் முடியாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் மத்திய அரசு விதியே கொண்டுவந்துவிட்டது. இருந்தும் கையளவு இருந்தால்தான் அழகு என்று இன்றைக்கும் ஒரு மாதக் குட்டியைத்தான் தூக்கி வருகிறார்கள். தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் இருக்கும் அந்த வாரங்களில்தான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. பின்னால் "கடிக்கிது, கடிக்கிது" என்று கொண்டுவரும் பல நாய்கள் இந்தப் பாடத்தைத் தவறவிட்டவை.

அந்தக் குட்டிக்கு முன்னங்காலில் நரம்பே தட்டுப்படவில்லை. மூன்றாவது முயற்சியில் ஊசி ஏறியது. பார்வோ வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. போன நீரைத் திரும்ப ஏற்றலாம், வாந்தியை நிறுத்தலாம், குடல் புண் வழியாக வேறு கிருமி ரத்தத்தில் ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம். மீதியைக் குட்டியின் உடம்பு பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த அம்மா மூன்று நாளும் வேப்பமரத்தடி பெஞ்சில் குட்டியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குட்டியை வாங்கி வந்த மகன் போனில் அழுதான். "எவ்வளவு செலவானாலும் பரவாயில்ல மேடம்." மூன்றாம் நாள் மதியம் அது போய்விட்டது.

"நான் என்ன தப்பும்மா பண்ணேன்?" என்று கேட்டார் அவர்.

அவர் ஒரு தப்பும் பண்ணவில்லை. ஊசி போட வேண்டும் என்று விற்றவர் மகனிடம் சொல்லியிருக்கிறார். மகன் அம்மாவிடம் சொல்ல மறந்து வெளியூருக்குப் பஸ் ஏறிவிட்டான். விஷயம் தெரிந்தவனிடம் குட்டி இல்லை. குட்டியை வைத்திருந்தவருக்கு விஷயம் தெரியவில்லை.

அன்றைக்கு அவரிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி. பிறகு மூன்று, நான்கு வார இடைவெளியில், குட்டிக்கு 16 வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போட வேண்டும். ஒன்றே போதாதா என்று கேட்பார்கள். சீம்பாலில் தாய் கொடுத்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும்வரை ஊசி மருந்தை அது வேலை செய்ய விடாது. அது எந்தக் குட்டிக்கு எந்த வாரம் தீரும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதனால்தான் இத்தனை முறை. ஊசிகள் முடியும்வரை தெருவில் இறக்கி விடாதீர்கள். பார்வோ வந்து போன வீட்டில் வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சோப்பு போட்டுக் கழுவினால் மட்டும் போகாது, பிளீச்சிங் பவுடர் வேண்டும். ஊசி முடியாத இன்னொரு குட்டியை உடனே அந்த வீட்டுக்குக் கொண்டுவரவே கூடாது.

அடுத்தது வெறிநோய். இதை விரிவாகத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு குடும்பம், நாட்டு நாய், நான்கு வயது. "தொண்டையில எலும்பு சிக்கிருச்சு டாக்டர், வாயை மூட மாட்டேங்குது" என்று ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். கீழ்த்தாடை தொங்கியது, எச்சில் நூலாக வடிந்தது. குரைக்க முயன்றபோது குரல் உடைந்து வந்தது. நாய் யாரையும் பார்க்கவில்லை. என் உதவியாளர் கையுறையை எடுக்கப் போனவர் அப்படியே நின்று என் முகத்தைப் பார்த்தார். வெறிநோய் என்றால் நாய் வெறிபிடித்து ஓடும், கண்டதையெல்லாம் கடிக்கும் என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். தாடை தொங்கிப்போய்ச் சும்மா படுத்துக் கிடக்கும் வகையும் உண்டு. எனக்கு அதுதான் அதிகப் பயம். ஏனென்றால் வீட்டில் எல்லோரும் எலும்பைத் தேடி வாய்க்குள் கைவிடுவார்கள்.

யார் யார் கைவிட்டீர்கள் என்று கேட்டேன். அப்பா டார்ச் அடிக்க, அக்கா விட்டிருக்கிறார். தங்கை எச்சிலைத் துடைத்திருக்கிறாள். அக்காவின் விரலில் காய்கறி நறுக்கிய வெட்டு. மூவரையும் குழாயடியில் நிறுத்தி, சோப்புப் போட்டு 15 நிமிடம் கைகளைக் கழுவ வைத்தேன். கடிகாரம் பார்த்துத்தான் 15 நிமிடம். அரசு மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினேன். வெட்டுக் காயத்தில் எச்சில் பட்டால் கடிபட்டதைப் போலவேதான் எடுத்துக்கொள்ள வேண்டும். தடுப்பூசியோடு, உடனே பாதுகாப்புத் தரும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தைக் காயத்தில் போடுவார்கள். கையில் தோலுக்குள் போடும் தடுப்பூசி முதல் நாள், அதை 0 என்று வைத்து எண்ணி, பிறகு 3, 7, 28-ஆம் நாட்களில். ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது. அறிகுறி தெரிந்துவிட்டால் மனிதருக்கும் சரி, நாய்க்கும் சரி, பிழைக்க வழி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நாய் மறுநாள் இறந்தது. அவர்கள் நான்கு ஊசியும் போட்டுக்கொண்டார்கள், நன்றாக இருக்கிறார்கள்.

நாய்க்கு ஊசி போட்டதா என்று நான் கேட்டபோது அப்பா அக்காவைப் பார்த்தார், அக்கா அப்பாவைப் பார்த்தார். குட்டியாக இருந்தபோது ஒரு தடவை போட்டதாம். அதற்கப்புறம் ஒவ்வொரு வருடமும் இவர் போட்டிருப்பார் என்று அவரும், அவர் போட்டிருப்பார் என்று இவரும் இருந்துவிட்டார்கள். மூன்று மாதத்தில் முதல் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு வருடம் ஒன்று. செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தையொட்டி முகாமில் இலவசமாகவே போடுகிறோம். அந்த வீட்டில் அன்பு குறையவே இல்லை. ஆட்டோவில் நாயை மடியில் வைத்துத்தான் கொண்டுவந்தார்கள்.

ஆள் இருந்த வீடுகளையும் சொல்ல வேண்டும். ஒரு பையன் தன் ராஜபாளையத்தைக் கொண்டுவந்து, "பேச்சே கேக்க மாட்டேங்குது மேடம், அடிச்சும் பாத்துட்டேன்" என்றான். ஆறு மாத நாய். கூட வந்த பாட்டி மெல்ல, "அது தூங்கும்போது தகரக் கதவைத் தட்டுனாலும் எந்திரிக்காது தாயி. நான் தரையில கால வச்சு மிதிச்சாதான் முழிக்கும்" என்றார். நாய் என் பக்கம் பார்த்திருக்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தை ஆட்டச் சொன்னேன். காது அசையவில்லை. வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. பேச்சைக் கேட்காததற்கு அது அடி வாங்கியிருக்கிறது. நோயைக் கண்டுபிடித்தது பாட்டிதான். நான் உறுதி மட்டும் செய்தேன். கையசைத்துக் கூப்பிடவும், தரையைத் தட்டி எழுப்பவும் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவன் நாயின் தலையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பால் சாதம் மட்டும் போட்டால் நாய் வளராது; முட்டையோ கறியோ ஏதாவது சேர வேண்டும். வெங்காயம் போட்ட குழம்பை ஊற்றாதீர்கள், அது நாயின் ரத்த அணுக்களை உடைக்கும். வேக வைத்த கோழி எலும்பு சில்லாக உடைந்து குடலைக் குத்தும். உங்களுக்கு எழுதிக்கொடுத்த காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை எதுவும் நாய்க்கு வேண்டாம். உண்ணியைப் பிடுங்கிப் போட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். நாய்மேல் இருப்பது கொஞ்சம்தான், மீதி சுவர் விரிசலில் முட்டையும் குஞ்சுமாக இருக்கும். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தை அளவு தெரியாமல் நாய்க்கு அடித்துத் துடிக்கத் துடிக்கக் கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள். பெட்டை நாய்க்கு ஒரு குட்டியாவது போடட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. கருத்தடை செய்யாத பெட்டைக்கு வயதான காலத்தில் கர்ப்பப்பையில் சீழ் கோத்து, நள்ளிரவில் ஓடி வருவதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

என்னால் இன்னும் தாங்க முடியாத ஒரு வேண்டுகோள் உண்டு. "வீடு மாத்துறோம் டாக்டர், அந்த வீட்டுக்காரர் நாய் வேண்டாங்கிறார். ஒரு ஊசி போட்டு விட்டுருங்க." நாய் வாலை ஆட்டிக்கொண்டு நின்றிருக்கும். நோயில்லாத நாய்க்கு உயிரைப் போக்கும் அந்த ஊசியை நான் போடுவதில்லை. சோறுதண்ணி இல்லாமல் தவிக்கும்படி எங்காவது இறக்கிவிடுவதும் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். குட்டைச் சங்கிலியில் நாளெல்லாம் கட்டிப்போடுவதும் அப்படித்தான். சட்டத்தைச் சொன்னால் சிலர் கோபப்படுவார்கள். சிலர் மட்டும் தெரிந்தவர்களுக்கு போன் போட்டு ஓர் இடம் பார்ப்பார்கள். எனக்கு அது போதும்.

போன மாதம் ஒரு தம்பி வந்தான். இருபது வயது. சிப்பிப்பாறைக் குட்டி வாங்கப் போகிறானாம், என்ன ஊசி, என்ன செலவு என்று கேட்டான். வீட்டில் யார் பார்ப்பார்கள் என்றேன். அம்மா பார்ப்பாங்க என்றான். அப்படியானால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்றேன். வர மாட்டான் என்று நினைத்தேன். மறுநாளே இருவரும் வந்தார்கள்.

சிப்பிப்பாறை ஓடப் பிறந்த நாய், தினமும் காலையும் மாலையும் வெளியே கொண்டுபோய் ஓடவிட வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன். அந்த அம்மா இடைமறித்தார். "எனக்கு முழங்கால் வலி டாக்டரம்மா. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போயிட்டு வந்து அடுப்பு பத்த வைக்கவே முடியல. நான் மாட்டேன்." அவர் அதை வீட்டில் சொல்லியிருக்கவில்லை, யாரும் கேட்கவில்லை.

தம்பி கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். அப்புறம், "எத்தனை வருசம் மேடம் உயிரோட இருக்கும்?" என்று கேட்டான்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் பன்னிரண்டு வருடம்கூட இருக்கும் என்றேன்.

விரல்விட்டு எண்ணினான். "எனக்கு முப்பத்திரண்டு ஆகியிருக்கும்" என்றான். "வேலைக்குப் போய் வீடு எடுத்தப்புறம் வாங்கிக்கிறேம்மா."

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அம்மா எழுந்தார். வெளியே போகிற வழியில் அவன், எங்கள் வாசலில் எப்போதும் படுத்திருக்கும் கறுப்பு நாயின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதன் காதைப் புரட்டி உண்ணி இருக்கிறதா என்று பார்த்தான்.