புனலூரில் ரெண்டு மணி நேரம்

மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் இருக்கிற புனலூருக்கு, செங்கோட்டையில் காலை ரயில் ஏறும்போது நாங்கள் 62 பேர். ஆளுக்கு 400 ரூபாய். டிக்கெட், புளியோதரை போக மிச்சம், எங்கள் தெருப் பிள்ளைகள் ரெண்டு பேரின் கல்லூரிக் கட்டணத்துக்கு. "சும்மா கேட்டா அம்பது குடுப்பான். ரயில்ல கூட்டிட்டுப் போறேன்னா நானூறு எடுப்பான்" என்றார் ஏற்பாடு செய்த பெரியப்பா. ஊரை நன்றாக அளந்து வைத்திருக்கிறார்.

மலை ஏற்றத்துக்காகப் பின்னாலும் ஒரு இன்ஜின் மாட்டினார்கள். பக்கத்தில் இருந்த ஆச்சி, 1904-ல் போட்ட மீட்டர்கேஜ் பாதையில் கரி இன்ஜின் ஓடிய காலத்திலேயே போய் வந்தவள். 2010-ல் பாதையை மூடி, அகலப்படுத்தித் திறக்க 2018 ஆகிவிட்டது. "அக்கா ஊருக்குப் போக எட்டு வருசம் பஸ்ல வாந்தி எடுத்தேன்" என்றாள். அவளுக்குக் கேரளா வேறு மாநிலமே இல்லை; 1956 வரை செங்கோட்டையே மலையாளக் கரையோடுதானே இருந்தது!

பதிமூணு கண் பாலம் வந்ததும் எல்லோரும் ஜன்னலில் தொற்றினோம். கண் ஒன்றுகூடத் தெரியவில்லை. அதைப் பார்க்கக் கீழே ரோட்டில்தான் நிற்க வேண்டும்.

புனலூரில், திரும்புகிற ரயிலுக்கு ரெண்டு மணி நேரந்தான். ஸ்டேஷன் பக்கத்துச் சாயாக்கடையில் 62 பேரும் ஒன்றாய்ப் போய் விழுந்ததில் சேட்டன் மிரண்டுபோனார். முதலில் பழம்பொரி காலி, அடுத்து பால். கடைசி இருபது பேருக்குக் கட்டன்சாயா. அதற்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

கல்லடையாற்றுத் தூக்குப்பாலம் 1877-ல் முடிந்தது. தடித்த சங்கிலிகள் கல்தூண்களிலிருந்து தொங்குகின்றன, நடக்கக் கீழே மரப்பலகை. எங்கள் ஆச்சி செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தாள். கோயிலா என்றேன். "பலகை வழுக்கும்லா, மூதி" என்று பதில் வந்தது.

அங்கே உட்கார்ந்துவிட்ட ரெண்டு பெரியவர்களைத் தேடிப் பிடித்து வருவதற்குள் ரயில் வந்தேவிட்டது. ஓடியபடி ஏறினோம்.

ஆரியங்காவு தாண்டி, பெரியப்பா உண்டியல் டப்பாவைச் சுற்றவிட்டார். அது ஆச்சி மடிக்கு வந்த நேரம் ரயில் குகைக்குள் நுழைந்தது. கும்மிருட்டு. பிள்ளைகளைவிடப் பாட்டிமார்தான் பெரிதாகக் கூவினார்கள். பக்கத்தில் சுருக்குப்பை அவிழும் சத்தம் கேட்டது.

வெளிச்சம் வந்தபோது டப்பா என் மடியில் இருந்தது. ஆச்சி பகவதிபுரத்துத் தென்னைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.