தேனிலவில் ஒரு லிட்டர் கரைசல்

ஜூன் 3, 2025, செவ்வாய்

மாலையில்தான் வந்து சேர்ந்தோம். நள்ளிரவுக்கு மேல் வயிற்றைப் பிசையத் தொடங்கியது. மணமாகிப் பதினொரு நாளே ஆன நிலையில், நான் வாந்தி எடுக்கும் ஓசை கணவரின் காதில் விழக் கூடாதென்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டேன். நான்கு முறை எழுந்தும் அவரை எழுப்பவில்லை.

ஜூன் 4, புதன்

தலைவலி என்று சொல்லி அவரைத் தனியாக வெளியே அனுப்பினேன். அது பொய், அதை நினைக்க இப்போதும் மனம் கூசுகிறது. நண்பகலில் எழுந்து நின்றபோது கண் இருட்டியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. காலையிலிருந்து ஒரே முறைதான் சிறுநீர் கழித்திருந்தேன், அதுவும் கொஞ்சமாக, அடர்மஞ்சளாக. திரும்பி வந்தவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். "ராத்திரியே என்னை எழுப்பியிருக்கலாமே" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

மருந்துக்கடைக்குப் போவதற்கு முன்பே, ஒரு லிட்டர் சுத்தமான குடிநீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து வைத்தார். ஒவ்வொரு கரண்டியையும் கத்தியின் முதுகால் வழித்துச் சமப்படுத்தியதைப் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். உப்பு கூடினால் கெடுதல் என்பதால் அத்தனை கவனம். பிறகு, உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஓஆர்எஸ் தூள் பொட்டலங்கள் வந்தன. பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் நீரில்தான் கரைக்க வேண்டும், பாதியாகப் பிரிக்கக் கூடாது என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். குளுக்கோஸ் குடல் சுவரைக் கடக்கும்போது உப்பையும் உடன் இழுத்துச் செல்கிறது, அவற்றின் பின்னால் நீரும் போகிறது. வயிற்றுப்போக்கின்போதும் இந்த வழி பெரும்பாலும் அடைபடாமல் இருப்பதால்தான் வெறும் தண்ணீர் செய்யாததை இக்கரைசல் செய்கிறது. குடித்ததை ஒருமுறை வாந்தி எடுத்தேன். பத்து நிமிடம் பொறுத்து, மீண்டும் கரண்டி கரண்டியாகப் புகட்டினார்.

ஜூன் 5, வியாழன்

விடியற்காலையில் காய்ச்சல் 38.8 டிகிரி செல்சியஸ். போக்கை நிறுத்துவதற்கென்று பெட்டியில் லோபரமைடு வைத்திருந்தோம். இந்த அளவு காய்ச்சலோ மலத்தில் இரத்தமோ இருக்கும்போது அதைத் தானாக விழுங்கக் கூடாது என்று மருத்துவர் தடுத்து, வேறு மாத்திரை எழுதித் தந்தார். பயணிகளுக்கு வரும் வயிற்றுப்போக்கில் பெரும்பாலானவை ஈ.கோலை போன்ற பாக்டீரியாவால் வருகின்றன என்றும் விளக்கினார். வந்த அன்று குடித்த பானத்தில் மிதந்த பனிக்கட்டி நினைவுக்கு வந்தது. காரணம் அதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் தண்ணீரை உறைய வைப்பதால் கிருமிகள் செத்துவிடுவதில்லை என்பது எனக்கு முன்பே தெரியும், தெரிந்தும் கவனிக்கவில்லை.

ஜூன் 6, வெள்ளி

காய்ச்சல் இறங்கியது. நாளெல்லாம் உறங்கினேன். படகுப் பயணத்தை ரத்து செய்துவிட்டோம். அவருக்கு அதில் எவ்வளவு ஆசை இருந்ததென்று அறிவேன். ஒரு முறைகூட அதைப் பற்றிப் பேசவில்லை.

ஜூன் 7, சனி

இரவு இரண்டு மணிக்கு என் தோளைத் தொட்டு எழுப்பினார். "எனக்கும் ஆரம்பிச்சிடுச்சு" என்றார். விளக்கைப் போட்டு, கைகளைச் சோப்பால் கழுவிக்கொண்டு, மீதமிருந்த இரண்டு பொட்டலங்களில் ஒன்றைப் பிரித்தேன்.