கல்லடி மணலில் அறுகு விதை: இரண்டு விதைப்புகளின் குறிப்பு

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு முன்வளவு, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையின் பெரும்பாலான வளவுகளைப் போலவே வெறும் மணல்தான். விடியற்காலையில் ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டி, அதன் கோடுகள் மணலில் பதிந்து கிடப்பதைப் பார்த்தால்தான் அம்மாவுக்கு முற்றம் துப்புரவாகத் தெரியும். புல் என்றாலே அவருக்குப் பாம்பு. அந்த மணலில் 20 அடிக்கு 15 அடி அளவில் ஒரு துண்டைப் புல்தரையாக்கச் சென்ற புரட்டாதியில் முனைந்தேன். ஓர் ஓரம் தவிர நாள் முழுவதும் வெயில் விழும் இடம் என்பதாலும், கோடையில் எங்கள் கிணறு சற்று உவர்ப்பதாலும், இரண்டையும் தாங்கக்கூடிய அறுகையே தேர்ந்தேன். அரைக் கிலோ விதையைக் கண்டதும், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் செய்யும் மாமா, "வரம்பில பிடுங்கிப் பிடுங்கிக் கை ஓயிற புல்லுக்கு ஆரும் காசு குடுப்பாங்களா மனே?" என்று கேட்டார். வேர்த்துண்டுகளை நட்டிருந்தால் வேலை சுலபமாகத்தான் முடிந்திருக்கும். விதை முளைப்பதைப் பார்க்கும் ஆசை என்னை விடவில்லை.

முதல் விதைப்பில் நான் செய்த பிழை, மாரி மழையோடு நெல் விதைக்கும் பெரும்போகக் கணக்கை அப்படியே முற்றத்துக்குக் கொண்டுவந்ததுதான். மழையோடு விதைத்தால் தண்ணீர் வார்க்கும் வேலை மிச்சம் என்று எண்ணி, ஐப்பசி நடுவில் 200 கிராம் விதைத்தேன். எட்டாம் நாள், தரையோடு தலை சாய்த்துப் பார்த்தால் மட்டுமே தெரியும் அளவுக்குப் பச்சை படர்ந்திருந்தது. பதினோராம் நாள் இரவு பெய்த மழையில் அத்தனையும் போயிற்று. நெல்லுக்கு வரம்பு உண்டு. என் துண்டுக்கு அது இல்லை. ஒரு வாரம் கழித்து, மதிலோரம் தண்ணீர் வெளியேறும் மூலையில், ஒரு பாயளவு இடத்தில் மட்டும் அறுகு மயிர் முளைத்தாற்போல நெருக்கமாக நின்றது. நிலம் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்பதை அந்த மூலைதான் எனக்குக் காட்டியது.

மாரி முடியும்வரை காத்திருந்து, தைப்பொங்கலுக்குப் பின் மண்ணை மீண்டும் கொத்தினேன். எங்கள் மணலில் வார்க்கும் தண்ணீர் நிற்காமல் கீழே இறங்கிவிடும் என்பதால், அரிதட்டில் அரித்த மக்கிய மாட்டெருவையும் தும்புத்தூளையும் மேல் நான்கு அங்குலத்தில் கலந்து, நீண்ட பலகையை இழுத்து மட்டப்படுத்தி, மதிலோரத்தில் செங்கல் வரிசை ஒன்றையும் பதித்தேன். அறுகு விதை ஒரு கிராமிலேயே ஆயிரக்கணக்கில் இருக்கும். வெறுங்கையால் வீசினால் ஓரிடத்தில் கொட்டி இன்னோரிடம் மொட்டையாகிவிடும். ஆகவே 250 கிராம் விதையை நான்கு மடங்கு உலர்ந்த மணலில் பிசறி, பாதியை நீளவாக்கிலும் மீதியைக் குறுக்குவாக்கிலும் தூவினேன். கால் அங்குலத்துக்கு மேல் புதைந்தால் முளை எழும்பாது என்பதால், வாரியின் முதுகால் மெல்ல வருடி, பலகை போட்டு மிதித்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

ஈரம் காக்கவென்று மேலே மெல்லிதாக வைக்கோல் பரப்பினேன். புது அறுவடை வைக்கோலில் ஒட்டியிருந்த மணிகள் சும்மா இருக்கவில்லை. அறுகுக்கு முன்பே நெல் முளைத்து, மாமாவுக்கு மூன்று வாரம் சிரிக்கக் காரணம் கொடுத்தது.

எறும்புதான் உண்மையான எதிரி. மூன்றாம் நாள் காலை, ஒவ்வொன்றும் ஒரு விதையைத் தூக்கியபடி சிற்றெறும்பு வரிசை ஒன்று படிக்கட்டின் வெடிப்புக்குள் போய்க்கொண்டிருந்தது. அந்த வெடிப்பின் வாயிலேயே அரிசிக் குறுநலைக் கொட்டினேன். பக்கத்தில் கிடைப்பதை விட்டுத் தூரம் நடக்க எறும்புக்கும் மனமில்லை.

முதல் இரண்டு வாரமும் பூவாளியால் நாளுக்கு மூன்று முறை, மண்ணின் மேற்பரப்பு மட்டும் நனையும்படி தெளித்தேன். வேர் இறங்கியபின் ஒரு முறையாகக் குறைத்து, ஆழமாக வார்த்தேன். ஒன்பதாம் நாள் முளை தெரிந்தது. ஆறாம் வாரம் புல் இரண்டரை அங்குலம் வளர்ந்தபோது, நன்கு தீட்டிய கத்தரியால் நுனியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டினேன். கத்தரி மொட்டையாக இருந்தால் இளம்புல் வெட்டுப்படாமல் வேரோடு வந்துவிடும். ஓரத்தில் ஒரு கைப்பிடி அப்படி வந்த பிறகே தீட்டினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெட்டிய பின் ஓடுகொடிகள் பக்கவாட்டில் படர்ந்து மொட்டை இடங்களை மூடத் தொடங்கின. கோரையைக் கையால் இழுப்பது வீண்வேலை. கிழங்கு மண்ணில் தங்கிப் பத்தே நாளில் திரும்ப எழும்புகிறது. பழைய கத்தியால் கிழங்கோடு தோண்டி எடுக்கிறேன்.

இப்போது வைகாசி. மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டது. இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீர் கேட்கிறது. துண்டின் முக்கால் பங்கு மூடிவிட்டது. மாமரத்தின் நிழல் சாயும் ஓரத்தில் மட்டும் இருமுறை தூவியும் அறுகு பிடிக்கவில்லை. வெயில் இல்லாத இடத்தில் அது வராது. அந்த ஓரத்தை மணலாகவே விட்டுவிட்டேன். அம்மா காலையில் அதைத்தான் முதலில் கூட்டுகிறார்.