ஜனவரியில் ஊட்டி: உறைபனி இலவசம், மற்றதெல்லாம் காசு

மூன்று மாத வானிலைக் கணிப்பைப் படித்துவிட்டு உறைபனி பார்க்க அறை பதிவு செய்வதைவிட வீண் வேலை வேறில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறை ஆண்டுதோறும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரைக்கான கணிப்பை வெளியிடுகிறது. குறைந்தபட்ச வெப்பநிலை இயல்பைவிடக் கூடுமா குறையுமா என்று பெரிய பெரிய பரப்புகளுக்குச் சராசரியாகச் சொல்வது அது. கோதுமை விவசாயிக்கு உதவும். ஊட்டிக்குப் பக்கத்துத் தலைகுந்தாவில் செவ்வாய்க்கிழமை விடியலில் புல் வெளுத்திருக்குமா என்று அதனிடம் கேட்டால் அது என்ன செய்யும், பாவம்! அதற்குப் பார்க்க வேண்டியது முந்தின நாள் மாலை வானத்தை. மேகம் இருந்தால் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கலாம்.

நாங்கள் போனது பொங்கல் கழிந்து. அதற்கு முன்பு போனால் வடகிழக்குப் பருவமழையோடு சூதாட வேண்டும். மழைக் காலத்தில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளத்தில் மண் சரிந்தால் மலை ரயில் நின்றுவிடும். புயல் வந்தால் சென்னை விமான நிலையமே மூடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல். போகிப் பண்டிகை விடியலில் சென்னை ஓடுபாதையைப் புகை மூடுவது தனிக்கதை. பழைய பாயைக் கொளுத்தி விமானத்தைத் திருப்பி அனுப்பும் ஊர் நம்முடையது.

பட்ட பாட்டையும் செலவையும் வரிசையாகத் தருவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். பஸ்ஸிலிருந்து தொடங்குகிறேன்.

மேட்டுப்பாளையத்தில் ஏறிய பஸ்ஸில் எங்கள் ஜன்னல் கண்ணாடி பாதியில் சிக்கிக்கொண்டது. கீழே சமவெளியில் அது சுகம். பர்லியாறு தாண்டியதும் காது மடல் மரத்துவிட்டது. மைத்துனர் கைக்குட்டையைத் திணித்துப் பார்த்தார். இரண்டாவது கொண்டை ஊசி வளைவிலேயே அது பறந்து போனது. பின்சீட்டுப் பாட்டி ஒருவர் காய்கறிக் கோணியை உருவிக் கொடுத்து, "இதை அடைங்கள் தம்பி, குன்னூர் வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்றார். உருளைக்கிழங்கு மண் மடியெல்லாம் கொட்டியது, ஆனால் காற்று நின்றது. கண்டக்டரிடம் முறையிட்டதற்கு, "நேற்று மூடவே மூடாமல் இருந்தது சார், இன்று பரவாயில்லை" என்றார். ஒரு நன்மை உண்டு: சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ வருகிறவர்களுக்கு 2024 மே முதல் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் கட்டாயம், பஸ்ஸில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை.

அடுத்து டாக்ஸி. இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஊட்டியிலிருந்து தலைகுந்தா பத்து கிலோமீட்டருக்குள்தான். விடியற்காலை ஐந்து மணிக்குப் போய்வர ஒருவர் 1,800 ரூபாய் கேட்டார். ஏன் என்றால், "உறைபனி ரேட் சார்." பனி வானத்திலிருந்து சும்மா வருகிறது, ரேட் மட்டும் இவர் வைக்கிறார்! பேரம் 1,200-இல் நின்றது. அங்கே இறங்கியதும் "காத்திருக்க 300 தனி" என்றார். கொடுத்தோம். அந்தக் குளிரில் நடந்து திரும்ப யாருக்குத் துணிச்சல் வரும்?

ஆனால் அந்த விடியல்! புல்வெளி முழுக்க உப்பைத் தூவியதுபோல் வெள்ளை. நின்றிருந்த ஸ்கூட்டரின் சீட்டில் விரலால் பெயர் எழுத முடிந்தது. நடந்தால் காலடியில் நொறுங்கும் சத்தம். 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா உச்சிதானே அதிகம் குளிர வேண்டும் என்று மைத்துனர் வாதாடினார். பக்கத்தில் தீ காய்ந்துகொண்டிருந்த தோட்டக்காரப் பெரியவர் சிரித்தார்: "குளிர் தண்ணீர் மாதிரி, பள்ளத்துக்கு ஓடிவரும்." அவர் சொன்னது அப்படியே உண்மை. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. அதையொட்டிய காற்று குளிர்ந்து கனத்து, சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் தலைகுந்தா, காந்தல், பழைய குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்வான இடங்கள் முதலில் வெளுக்கின்றன. வெப்பமானி தரையிலிருந்து நான்கடி உயரத்தில் இருப்பதால் அது இரண்டு, மூன்று டிகிரி காட்டும்போதே புல் உறைந்துவிடும். செய்தியில் பூஜ்யம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

நமக்கு வேடிக்கை, அவருக்கு நஷ்டம். தேயிலைக் கொழுந்து கருகிவிடும். கேரட் தோட்டங்களில் வெயில் ஏறுவதற்கு முன்பே ஸ்பிரிங்க்ளரைத் திறந்துவிட்டுப் பனியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் படம் எடுப்பதை அவர்கள் பார்த்த பார்வை எனக்குப் புரிந்தது.

திரும்பும் வழியில் தகரக் கூரைக் கடை ஒன்றில் தேநீரும் வர்க்கியும். அடுக்கடுக்காக உதிரும் வர்க்கியைத் தேநீரில் தோய்த்து எத்தனை தின்றேன் என்று எண்ணவில்லை; இருவருக்கும் சேர்த்து 90 ரூபாய். மதியம் அதே தெருவில் ராகிக் களியும் அவரைக் குழம்பும். அதன் ருசிக்கு டாக்ஸிக்காரரைக்கூட மன்னிக்கலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. தாவரவியல் பூங்கா, படகு இல்லம் எல்லாம் போனோம். கூட்டம்.

கடைசி அடி கோவை விமான நிலையத்தில். பீளமேட்டில் வெயில் பளபளக்கிறது, பலகையில் எங்கள் சென்னை விமானம் "தாமதம்". வானிலையாம்! விசாரித்தபோது தெரிந்தது: எங்களுக்கு வர வேண்டிய விமானம் காலையில் டெல்லியில் மூடுபனியில் சிக்கியிருக்கிறது. ஊட்டியில் உறைபனி தந்த அதே சமையல்தான் அங்கும்: தெளிந்த வானம், அசையாத காற்று, வெப்பம் இழக்கும் தரை. காற்றில் ஈரம் மிகுந்தால் அது மூடுபனியாகிறது. கருவிகளின் வழிகாட்டலில் சாதாரண முறையில் தரையிறங்க ஓடுபாதையில் 550 மீட்டர் பார்வைத்தூரம் வேண்டும். டெல்லியில் அதற்கும் குறைவாக இறங்கும் வசதி உண்டு, ஆனால் அதற்குத் தகுதி பெற்ற விமானமும் விமானியும் வேண்டும், ஒரு விமானத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளியும் கூடும். ஒரே விமானம் நாளுக்கு ஐந்தாறு பயணம் பறக்கிறது. காலையில் விழுந்த தாமதம் மாலையில் நம் தலையில் இறங்குகிறது.

வானிலையால் தாமதமானால் இழப்பீடு கிடையாது. ஆனால் இவ்வளவு குறுகிய பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதித்தால் சாப்பாடு தர வேண்டும் என்பது விதி. கவுன்ட்டரில் நான் அதைச் சொன்ன பிறகுதான் வெந்நீர் ஊற்றும் உப்புமாக் கிண்ணம் வந்தது. அதில் வெந்நீர் பாதி, உப்புமா பாதி. நள்ளிரவில் சென்னையில் இறங்கி வீட்டுக்குப் போன டாக்ஸி 900.

குளிர்காலத்தில் கோவையில் ஏறுகிறவர்கள், தங்கள் விமானம் அன்று எங்கிருந்தெல்லாம் சுற்றி வருகிறது என்று முதலில் பாருங்கள். அல்லது என்னோடு நீலகிரி எக்ஸ்பிரஸ்ஸுக்கு வாருங்கள். இரவு மேட்டுப்பாளையத்தில் ஏறிப் படுத்தால் காலையில் சென்னை சென்ட்ரல், டிக்கெட்டும் விமானக் கட்டணத்தில் ஒரு சிறு பங்குதான். அந்த ரயில் டெல்லியிலிருந்து வர வேண்டியதில்லை.