திருகாணி உள்ளே போன காது

பதினொன்றாம் வகுப்புத் தேர்வு முடிந்த ஏப்ரல் மாதத்தில் என் இடது காதில் நானே இரண்டாவது துளை போட்டேன். அப்போது எனக்கு 16 வயது. குத்தியது கால் மணி நேர வேலை. காது பழையபடி ஆக ஜூலை வந்துவிட்டது. இதைச் சொன்னால் எல்லாரும் வலித்ததா என்றுதான் கேட்கிறார்கள். எனக்குச் சொல்ல வேண்டியிருப்பது அதற்கு அடுத்து வந்த ஐந்து நாட்களைப் பற்றி.

எங்கள் பக்கம் திருநெல்வேலி. காது குத்து என்றால் எங்கள் வீட்டில் பெரிய விசேஷம். எனக்கு ஒரு வயதில் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டு, தாய்மாமா மடியில் உட்கார வைத்து, ஆசாரி தங்கக் கம்பியால் குத்தியிருக்கிறார். ஆச்சியின் காது இன்னும் பழைய கதை. சின்ன வயதில் துளையில் பஞ்சு திணித்து, பிறகு குணுக்கு மாட்டி, அந்தக் கனத்திலேயே தொங்க வளர்த்த காது. பாம்படம் போட்டவள். இப்படிப்பட்ட வீட்டில் எனக்கு இரண்டாவது கம்மல் மட்டும் "காலேஜுக்குப் போனப்புறம் பாக்கலாம்" என்று அம்மா சொன்னது அநியாயமாகப் பட்டது.

அம்மா வேலைக்குப் போயிருந்தாள், ஆச்சி மதியத் தூக்கத்தில் இருந்தாள். தையல் ஊசியை அடுப்பு நெருப்பில் காட்டினேன். கரி படிந்தது. அதைத் துப்பட்டா நுனியால் துடைத்தேன். அந்த ஒரு துடைப்பில் நெருப்பில் காட்டியதற்கு அர்த்தமே இல்லாமல் போனது என்று அப்போது தோன்றவே இல்லை. பேனாவால் வைத்த புள்ளி ஐஸ் கட்டி உருகிய தண்ணீரில் கலங்கிவிட்டது. ஐஸ் மேல்தோலைத்தான் மரத்துப்போக வைத்தது, உள்ளே எல்லாம் தெரிந்தது. பாதியில் ஊசி நின்றுவிட்டது. கை நடுங்க, கண்ணை மூடி அழுத்தினேன். முன்பக்கம் நினைத்த இடத்தில் இறங்கிய ஊசி, பின்பக்கம் நன்றாகக் கீழே சரிந்து வெளியே வந்தது. தையல் ஊசியைவிடக் கம்மலின் தண்டு தடிமன். அதை உள்ளே தள்ளியதுதான் குத்தியதைவிட வலித்தது. ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய கவரிங் கம்மல் அது. கழன்று விழுந்துவிடக் கூடாதே என்று திருகாணியை முடிந்தவரை இறுக்கினேன்.

அன்று முழுக்கக் கண்ணாடியில்தான் இருந்தேன். அழகாகத்தான் இருந்தது.

மறுநாளிலிருந்து மறைப்பது ஒரு வேலையானது. எங்கள் ஊர் ஏப்ரல் வெயிலில் முடியை விரித்துப் போட்டுக் காதை மூடிக்கொண்டே திரிந்தேன். வியர்வை, தேங்காய் எண்ணெய் எல்லாம் அந்தப் புண்ணில்தான் இறங்கியது. இரண்டாம் நாள் சிவந்தது. குத்தினால் சிவக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் இரவு இடது பக்கம் படுக்க முடியவில்லை, காதுக்குள்ளேயே நாடி துடிப்பது போல இருந்தது. அலமாரியில் இருந்த கிருமிநாசினியைத் தண்ணீர் கலக்காமல் பஞ்சில் தொட்டு வைத்தேன். எரிந்து, சுற்றிலும் தோல் உரிந்ததுதான் மிச்சம். தினமும் இரண்டு முறை கம்மலைத் திருகியும் விட்டேன், ஒட்டிக்கொள்ளாமல் இருக்குமாம். ஆறத் தொடங்கும் தோலை நானே மறுபடி மறுபடி கிழித்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் ராத்திரி பின்பக்கம் விரலால் தடவினேன். திருகாணியைக் காணோம். விழுந்துவிட்டது என்று தலையணையைத் தட்டி, போர்வையை உதறித் தேடினேன். ஆனால் முன்னால் கம்மல் அசையாமல் அப்படியே இருந்தது. மறுபடி தடவினேன். பின்பக்கம் வழவழவென்று வீங்கிய சதை, நடுவில் கெட்டியாக ஏதோ ஒன்று. திருகாணி சதைக்குள் போயிருந்தது. அந்த நிமிடம் வயிற்றில் இறங்கிய பயம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்போதும் நான் அம்மாவை எழுப்பவில்லை. விடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

கண்டுபிடித்தது ஆச்சி. காலையில் பின்னல் போட முடியை ஒதுக்கியவள் கை அப்படியே நின்றது.

"ஏட்டி, காது இப்படிக் கொதிக்கு, அம்மாட்ட சொன்னியா?"

நான் அழுததைப் பார்த்து அவள் வேறு ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா நிறையத் திட்டினாள், திட்டிக்கொண்டே பர்ஸை எடுத்தாள்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் டாக்டரம்மா மரத்துப்போக ஊசி போட்டார். அந்த ஊசிதான் மொத்தக் கதையிலும் அதிகமாக வலித்தது. பின்பக்கம் சின்னதாகக் கீறி, சீழை வெளியேற்றி, திருகாணியைத் தனியாகவும் கம்மலைத் தனியாகவும் எடுத்தார். ஏழு நாள் மாத்திரை, ஒரு களிம்பு. பள்ளியில் டெட்டனஸ், டிப்தீரியா வராமல் தடுக்கும் டி.டி. ஊசி போட்டார்களா என்று கேட்டார். தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி 10 வயதிலும் 16 வயதிலும் போடுவது அது. எனக்குப் போட்டிருந்தார்கள்.

அவர் திட்டவில்லை. விளக்கினார். குத்திய காது முதல் சில நாள் வீங்கும், அந்த வீக்கத்துக்குத் தண்டில் இடம் விட வேண்டும். நான் இடமே விடவில்லை. கவரிங்கில் பெரும்பாலும் நிக்கல் கலந்திருக்கும், பலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. நான் முதலில் முருகு போடும் மேல்காதில்தான் குத்தலாம் என்று இருந்தேன், வலிக்குப் பயந்து கீழே வந்தேன் என்றதும் அவர் முகம் மாறியது. மேல்காதின் குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்தக்குழாய் கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்துதான் அதற்குச் சத்து போக வேண்டும். அங்கே சீழ் பிடித்தால் மருந்து போய்ச் சேருவதும் கஷ்டம், குருத்தெலும்பு கரைந்து காதின் வடிவமே சுருங்கிப்போகலாம். கீழ்மடல் ஆற ஆறிலிருந்து எட்டு வாரம் என்றால், மேல்காதுக்குப் பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும்.

அம்மாவிடம், வீட்டில் யாருக்காவது தழும்பு மேடாக வளருமா என்றும் கேட்டார். அம்மாவின் தோளில் தடுப்பூசித் தழும்பு அப்படித்தான் இருக்கிறது. எனக்கும் வரலாம், கவனித்துக்கொண்டே இருங்கள் என்றார்.

அப்புறம் வந்த நாட்கள் சலிப்பானவை. காலையும் மாலையும் மெடிக்கலில் வாங்கிய சலைனால் துடைப்பது, களிம்பு, எண்ணெய் வைக்காத வறண்ட தலை. ஆச்சிக்கு வேப்பங்குச்சி செருகி மஞ்சளைக் குழைத்துப் பூச வேண்டும் என்று ஆசை. டாக்டரம்மா எதையும் பூசக் கூடாது என்றுவிட்டார். ஆச்சிக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும் தினமும் சலைன் நனைத்த பஞ்சைக் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தது அவள்தான். ஒரு நாள் பஞ்சை மாற்றும்போது, "முத நாளே சொல்லியிருந்தா இவ்வளவு பாடு உண்டாட்டி?" என்றாள். எனக்குப் பதில் இல்லை. இரண்டாம் நாள் சிவந்தபோதே காட்டியிருந்தால், திருகாணியைத் தளர்த்தி, நல்ல கம்மலாக மாற்றி, மருந்தோடு முடிந்திருக்கும் என்று டாக்டரம்மாவும் சொல்லியிருந்தார்.

துளை மூடிவிட்டது. கல்லூரி முதல் வருடத்தில், அம்மா சொன்ன வார்த்தைப்படி, ஒரு தோல் டாக்டரிடம் குத்திக்கொண்டேன். அதற்கு முன் தழும்பு மேடு கட்டியிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றார். புள்ளி வைத்துக் கண்ணாடியில் காட்டி, நான் தலையாட்டிய பிறகு, உறையைப் பிரித்து எடுத்த புது ஊசியால் குத்தினார். வீக்கத்துக்கு இடம் விட்டு நீளத் தண்டுள்ள கம்மல். அதை ஒரு நாளும் திருகவில்லை. எட்டு வாரத்தில் ஆறியது.

பழைய இடத்தில் பின்பக்கம் அரிசி அளவுக்கு ஒரு முடிச்சு இன்னும் இருக்கிறது.

போன வாரம் சித்தி மகள் அதே இடத்தைத் தொட்டுப் பார்த்து, "அக்கா, வீட்டுலயே குத்துனா ரொம்ப வலிக்குமா?" என்று மெதுவாகக் கேட்டாள். அவளுக்கு 14 வயது. கம்மல்கூட வாங்கி வைத்திருக்கிறாள். எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சித்தியிடம் நானே பேசினேன். சித்தி கொஞ்ச நேரம் முரண்டு பிடித்துவிட்டுச் சரி என்றாள். சனிக்கிழமை டாக்டரிடம் போகிறார்கள், நானும் கூடப் போகிறேன்.