துருசுக்கு முந்திய தண்ணீர்

குளத் திருத்த வேலைகளின் புகைப்படங்களைச் சேர்த்து ஒழுங்குபடுத்துவது கிளிநொச்சி அலுவலகத்தில் என் வேலை. கமக்கார அமைப்பினர் வட்ஸ்அப்பில் அனுப்பும் படங்களோடு ஓயாத போராட்டம். படம் வந்து சேரும். எடுத்த நேரமும் இடமும் வழியிலேயே உதிர்ந்திருக்கும். "ஆவணமாக அனுப்புங்கள் அண்ணை" என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

பழைய படங்களில் இந்தத் தொல்லை இல்லை என்றிருந்தேன். 2003 சிறுபோகத்துக்கு ஒரு குளத்தில் தண்ணீர் திறந்த நாளின் படங்கள் சீடி ஒன்றில் கிடைத்தன. நேர வரிசையில் அடுக்கினேன். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது: 10.20. துருசை, அதாவது குளத்து மதகைத் திறக்கிறார்கள்: 10.40!

ஜேபெக் கோப்பின் தலைப்பகுதியில், படத்துக்கு முன்னால், எக்சிஃப் என்றொரு சிறு பகுதி இருக்கும். ஜப்பானியர் 1995இல் வகுத்த முறை. 64 கிலோபைட்டைத் தாண்டாது. படம் எடுத்த நேரத்தோடு கமராவின் பெயரும் அதில் பதிவாகும். பார்த்தால் இரண்டு கமராக்கள். துருசுப் படம் கொழும்பிலிருந்து வந்த பொறியியலாளர் எடுத்தது, மற்றது இங்குள்ளவர்களுடையது. 'கொழும்புக் கமராவில் கடிகாரப் பிழை' என்று குறிப்பு எழுதி வைத்தேன்.

அந்தப் படத்தில் குளக்கட்டில் நிற்கும் ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் காட்டியபோது சிரித்தார்.

"பிழை இல்லைத் தம்பி. அப்போது அவர்களுக்கு ஒரு நேரம், எங்களுக்கு ஒரு நேரம்."

1996 மே மாதம் அரசாங்கம் நேரத்தை ஒரு மணித்தியாலம் கூட்டியது. ஒக்டோபரில் அரை மணியைக் குறைத்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த எங்கள் வன்னி பழைய நேரத்தையே வைத்திருந்தது. 2006 ஏப்ரலில் கொழும்பும் அதற்கே திரும்பும்வரை இரண்டுக்கும் அரை மணி இடைவெளி. அந்தப் பழைய நேரத்துக்கு அடித்த பள்ளிக்கூட மணியைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டியிராத சிறுவனுக்கு வேறொரு நேரம் இருப்பது எப்படித் தெரியும்?

எக்சிஃப் நேரம் ஆண்டிலிருந்து வினாடிவரை 19 எழுத்துகள். அது எவருடைய நேரம் என்று எழுத அங்கே இடமில்லை. அதற்கென்று தனி இடம் வந்தது 2016இல்தான். அதுவரை, மணிக்கூட்டைத் திருப்பியவர் சொன்னதே கமராவுக்கு வேதம்.

பதிவான நேரத்தில் நான் கைவைக்கவில்லை. பழைய குறிப்பை அழித்துவிட்டு, 'கொழும்பு நேரம். அரை மணி முந்தியது' என்று எழுதிக் காட்டினேன்.

கண்ணாடியைத் தூக்கிவிட்டு இரண்டு தரம் வாசித்தார். "முந்தியது என்று போட வேண்டாம் தம்பி. கூட்டி வைத்தது என்று போடும்."

அப்படியே மாற்றினேன்.